லானாங் ஆற்றில் வழி போடுகிறவன்

சுகியாத் பின்னால் நடப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. ஒரு அடி வைப்பான், நிற்பான். மூங்கில் கழியை முன்னால் குத்துவான், பிடுங்குவான், நுனியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பான். அப்புறம் ஏதோ யோசனை. அப்புறம் இன்னொரு அடி. அடுப்பில் எண்ணெயைக் காயவைத்துவிட்டு வந்த அவசரத்தில் நான் கத்துவேன்: "ஏண்டா, பொண்ணு பாக்கவா போறே, இப்படி அசைஞ்சு அசைஞ்சு?" திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். "அவசரம்னா நீங்க முன்னாடி போங்க ருமினிக்கா," என்பான். அதோடு என் வாய் அடைத்துவிடும். லானாங் ஆற்றில் அவனுக்கு முன்னால் கால் வைக்க எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?

ஆறு என்று சொல்வது பழக்கதோஷம்தான். முன்பு அது ஆறாக இருந்தது, மேலே ஒரு பாலமும் இருந்தது. இப்போது பாலம் எங்கே என்று யாராவது கேட்டால் நாங்கள் காலுக்குக் கீழே கையைக் காட்டுவோம். செமேரு மலை கக்கிப் போட்ட சாம்பலும் கல்லும், மழை பெய்யும்போதெல்லாம் கரைந்து இறங்கி, பாலத்தை நின்ற இடத்திலேயே புதைத்துவிட்டன. அதன்மேல் இப்போது ஒரு சாம்பல் வெளி. நேற்று கடையளவு பாறை கிடந்த இடத்தில் இன்று பள்ளம் இருக்கும். நேற்று நடந்த தரை இன்று கூழாக இருக்கும். மேலே காய்ந்து வெடித்திருக்கும், பார்த்தால் வீட்டுமுற்றம் போலிருக்கும், கீழே மாதக்கணக்கில் கொதித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கரையில் மணல் லாரிகள் இறங்குகிற சரிவின் தலையில் என் காப்பிக் கடை. அந்தக் கரையில் கெபாங் கிராமம். சுகியாத் அந்தக் கெபாங்காரன். ஒவ்வொரு சேற்று வெள்ளத்துக்கும் பிறகு விடிந்ததும் முதல் ஆளாகத் தனியாக இறங்குவான். இடுப்பில் ஒரு கட்டு மூங்கில் குச்சி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துணிக்கிழிசல். கெட்டித் தரை கண்ட இடத்தில் ஒரு குச்சி, அடுத்த இடத்தில் இன்னொன்று என்று நட்டுக்கொண்டே இந்தக் கரை வந்து சேருவான். அதற்கப்புறம்தான் வாத்தியாரம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், சாலாக் பழக் கூடைகள் சந்தைக்கு வரலாம். மலை உச்சியில் மேகம் இறங்கினால் போச்சு. வந்த வழியே போய் எல்லாக் குச்சியையும் பிடுங்கிவிடுவான். நாளைக்கு அதே குச்சியைப் பார்த்து யாராவது இறங்கிவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு.

இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மலை பெரிதாக வெடித்ததற்கு அடுத்த வாரம், காணாமல் போன மாட்டைத் தேடிக்கொண்டு போனவன், காய்ந்த தரை என்று நம்பி வலது காலை வைத்தான். முழங்கால் வரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது அது கால் மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அன்றிலிருந்து அந்தக் கால் எப்போதும் பூட்ஸுக்குள், நல்ல கால் எப்போதும் வெறுங்காலாக. "வெந்த காலுக்கு எதுவும் தெரியாதுக்கா. நல்ல கால்தான் சூடு சொல்லும்," என்பான். ஒரு கால் பூட்ஸும் ஒரு கால் வெறுமையுமாக அவன் வருவதைப் பார்த்து லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆற்றில் இறங்கியதும் அவன் பின்னால் வரிசையாக வாயை மூடிக்கொண்டு வருவார்கள்.

அவனுக்கு ஒரே பெண், விந்தாரி. வாய் அப்படியே என்னை உரித்துவைத்தது. அவனும் அவன் பெண்டாட்டி வகினெமும் சேர்ந்து ஒரு நாளில் பேசுகிற பேச்சை அவள் ஒரே மூச்சில் பேசிவிடுவாள். டவுனில் செல்போன் கடையில் வேலை பார்த்தாள். அங்கே சமவெளி ஊர்க்காரன் இம்ரோன் பழக்கமானான். பையனுக்கு அப்பா இல்லை. பெரியப்பா முஸ்தாகிம்தான் எல்லாம். அரிசி ஆலை வைத்திருக்கிற மனிதர், நல்லவர், ஆனால் சகுனத்துக்குச் சாகிறவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கிழமையும் சந்தை நாளும் கூட்டிக் கழித்து முதலில் ஒரு நாள் குறித்தார்கள். அந்த வாரம் பார்த்து மலை வெடித்தது. பந்தல்மேல் சாம்பல் விழுந்து, பந்தலே உட்கார்ந்துவிட்டது.

மறுபடி நாள் பார்த்ததில் பெசார் மாதத்துக் கடைசியில் ஒரே ஒரு நாள் அமைந்தது. அதைவிட்டால் சூரா மாதம் பிறந்துவிடும். சூராவில் எங்கள் பக்கம் எவனும் கல்யாணம் என்ற பேச்சே எடுக்க மாட்டான். முஸ்தாகிம் என் கடையில் உட்கார்ந்துதான் சொன்னார், காப்பியை ஊதிக்கொண்டே: "சுகியாத்தண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டாவது தடவையும் நின்னுச்சுன்னா, இது வேண்டாம்னு மேல இருக்கிறவன் சொல்றான்னு அர்த்தம். நாங்க வேற இடம் பாத்துக்குவோம்." சுகியாத் தலையை ஆட்டினான். அவனுக்கு வேறென்ன தெரியும்? விந்தாரிதான் பிறகு என்னிடம் அழுதாள். ஒரு தடவை நின்ற பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு தடவை நின்றால் கேட்கவே வேண்டாம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு பெரிய வெள்ளம் வந்து போயிருந்தது. கல்யாணத்தன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் என் கடை முன்னால் வந்து கூடியிருந்தார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. கடையைச் சாத்திவிட்டு, ஒட்டரிசிப் பலகாரத் தட்டை நானே சுமந்து போகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தேன். நல்ல பாவாடை, புது மேல்சட்டை, உதட்டுச் சாயம்கூட. கடைக்குப் பின்னால் தண்ணீர் எடுக்கப் போனால் அங்கே ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துடைப்பக்குச்சிகளில் மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தித் தரையில் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தான்.

"யாரய்யா நீ?"

"மழை கட்டுறவன்மா. முஸ்தாகிம் ஐயா கூட்டிட்டு வந்தாரு. இன்னிக்கி கல்யாண வீட்டுப் பக்கம் ஒரு சொட்டு விழாது."

"மிளகாய் யாருது?"

"இங்கதான் கூடைல இருந்துச்சு."

என் கூடை, என் மிளகாய்! அதைவிடப் பெரிய கோபம் எனக்கு வேறு. சமவெளியில் கல்யாணத்துக்கு மழை கட்டுவது சாதாரணம். மலையடியில் மழைக்காலத்தில் எவனும் அதைச் செய்ய மாட்டான். கட்டின மழை எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? அது உச்சிக்குப் போகும், அங்கிருந்து சேறாக இறங்கும். நம்புகிறவனும் செய்ய மாட்டான், நம்பாதவனும் செய்ய மாட்டான்.

"எந்தப் பக்கம் தள்ளினே?" என்று கேட்டேன்.

"வடக்கே," என்றான் சாவகாசமாக.

வடக்கே பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே கழுவிவிட்ட மாதிரி நீலம். செமேரு இருக்கவேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு சுவர்.

அந்த நேரம்தான் சுகியாத் சரிவில் ஏறி வந்தான். பெண்ணின் அப்பா, தன் வீட்டு வாசலில் நின்று வரவேற்க வேண்டியவன். ஆனால் மாப்பிள்ளை வீட்டாரை ஆற்றைத் தாண்டிக் கூட்டிப்போக வேறு ஆள் கிடையாது. கறுப்புக் கல்யாணக் கோட்டு, தலையில் மடிப்புத் தொப்பி, பூப்போட்ட சாரத்தைத் தொடைவரை தூக்கிச் சொருகியிருந்தான். ஒரு கால் பூட்ஸ், ஒரு கால் சேறு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுகியாத் யாரையும் பார்க்கவில்லை. வடக்கே பார்த்தான். அப்புறம் தரையில் நட்டிருந்த வெங்காயத்தைப் பார்த்தான். குனிந்து ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கிப் போட்டான்.

முஸ்தாகிமுக்கு முகம் சிவந்தது. "அண்ணே, காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளு. இது என்ன மரியாதை?"

"மேல யாரு பாக்குறாங்க?" என்று சுகியாத் என்னைக் கேட்டான். மேலே மலைச்சரிவில் வாக்கிடாக்கி வைத்துக்கொண்டு ஆற்றின் தலையைப் பார்ப்பவன் காஸ்தி. வெள்ளம் கிளம்பினால் முதல் குரல் அவனுடையதுதான்.

"காஸ்தியா? அவன் உன் வீட்டுல வாழைத்தண்டு நறுக்கிட்டு இருப்பான். நேத்தே இறங்கிட்டானே," என்றேன். கல்யாணம் என்றால் கெபாங்கில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. போகாவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு.

சுகியாத் கழியை ஊன்றிக்கொண்டு நின்றான். நிக்காஹ் நடத்திவைக்க அவர்களோடு வந்திருந்த காஜியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூராவுக்கு முந்தின நாள் அவருக்கு இன்னும் எத்தனை நிக்காஹோ. "லுஹர் தொழுகைக்கு முன்னாடி முடிக்கணும்னுதானே குறிச்சிருக்கீங்க?" என்றார். அக்கரையில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்திருந்தது.

"போகலாம்," என்றான் சுகியாத் கடைசியில். "நான் நில்லுன்னா நிக்கணும். திரும்புன்னா திரும்பணும். சரின்னா வாங்க."

எல்லோரும் சரி என்றார்கள். இம்ரோன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

சுகியாத் முன்னால், அவன் பின்னால் மாப்பிள்ளை, முதுகுப்பக்கம் இடுப்புக் கச்சையில் வழக்கப்படி குறுவாள் செருகியிருந்தது. பிறகு முஸ்தாகிம், காஜியார், முஸ்தாகிமின் அக்கா சுலாமி, அப்புறம் சீர்த்தட்டு தூக்கிய பெண்கள், கடைசியில் நான். சுலாமியம்மாளுக்கு வயது எழுபதுக்கு மேல். கணுக்கால் வரை இறுக்கிச் சுற்றிய சாரத்தில் வாத்து மாதிரி அடியடியாக வந்தார். மழை கட்டுகிறவன் கடையிலேயே உட்கார்ந்துகொண்டான். புத்திசாலி.

முதல் பாதி கெட்டித் தரை. சுகியாத் அன்று வேகமாக நடந்தான். கழியை மோந்து பார்க்கவில்லை. பாறைகளின் இடுக்கில் ஆவி கசிந்தது. தீக்குச்சி உரசின நாற்றம். ஒரு பெண் செருப்பு சூடாகிறது என்றாள். "கால மாத்தி மாத்தி வைம்மா, நிக்காதே," என்றான் அவன் திரும்பாமலே. குச்சிகளிலிருந்த கிழிசல்கள் காற்றே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

நடுவில் ஒரு ஓடை உண்டு. அன்று விடியற்காலை அவன் தாண்டியபோது முழங்காலுக்கு மேல் ஓடியது என்று எங்களிடம் சொல்லியிருந்தான். பெண்களைக் கைப்பிடித்துத் தாண்டவைப்பதாக ஏற்பாடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கணுக்கால்கூட நனையவில்லை. கூழாங்கற்கள் ஈரமாகப் பளபளத்தன.

முஸ்தாகிமுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா? கட்டுன கட்டு! ஆறே வழி விடுது!" பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சுகியாத் அந்த ஈரத்துக்குள் வெறுங்காலை வைத்தான். எடுக்கவில்லை. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நின்றான். அவன் முகத்தை நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், அதில் அப்படி ஒரு வெளுப்பைப் பார்த்ததில்லை.

"திரும்புங்க," என்றான்.

யாருக்கும் புரியவில்லை. "என்ன?" என்றார் முஸ்தாகிம்.

"திரும்புங்க. எல்லாரும். வந்த வழியே."

"தண்ணி குறைஞ்சதுக்குப் பயப்படுற ஆளை இன்னிக்கித்தான் பாக்குறேன்!"

"குறையல. மேல நிக்குது."

"எது நிக்குது?"

"எல்லாம்," என்றான் சுகியாத்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே எங்கேயோ கரை சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. உச்சியில் கொட்டுகிற மழை அத்தனையும் அந்த அடைப்புக்குப் பின்னால் நிறைந்துகொண்டிருக்கிறது. உடைந்தால் மிச்சமெல்லாம் ஒரே வீச்சில் வரும். எப்போது உடையும் என்பது மட்டும் தெரியாது. இப்போதே உடையலாம், சாயங்காலமும் உடையலாம்.

முஸ்தாகிம் கையை நீட்டினார். "அதோ பாருங்க, பந்தல் தெரியுது. உங்க பொண்ணு கரையில வந்து நிக்குது. பாதிக்கு மேல வந்தாச்சு. ஓடிப் போயிருவோம்."

உண்மையாகவே அவள் நின்றாள். வெள்ளை மேல்சட்டை, தலையில் மல்லிகைச் சரங்கள். முகம் தெரியவில்லை, ஆனால் அவள்தான்.

"முன்னாடி குழைச்சல் தரை. அதுல ஓட முடியாது, அடியடியாத்தான் போகணும். பின்னாடி கெட்டி. ஓடலாம்."

"இப்பத் திரும்புனா சம்பந்தம் முடிஞ்சுது. அது தெரியுதுல்ல உங்களுக்கு?"

"தெரியுது," என்றான் சுகியாத். "திரும்புங்க."

எனக்கே அவன்மேல் கோபம் வந்தது. "டேய் சுகி, உன் பொண்ணுடா," என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பெண்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். காஜியார் எதுவும் கேட்காமல் திரும்பி, முதல் ஆளாக நடந்தார்.

திரும்பாதவன் இம்ரோன் ஒருத்தன்தான். ஓடையை ஒரே தாவலில் தாண்டி, கிழிசல் குச்சிகளைப் பார்த்தபடி அக்கரைப் பக்கம் வேகமாகப் போனான். "நான் மட்டும் போறேன் மாமா! நிக்காஹுக்கு நான் இருந்தாப் போதும்!" என்று கத்தினான். இருபத்தைந்து வயசு, கண்ணுக்கு எதிரே அவள் நிற்கிறாள். போகாமல் என்ன செய்வான்?

அன்றைக்குத்தான் சுகியாத் ஓடி நான் பார்த்தேன். பூட்ஸ் கால் ஒருபக்கம் இழுக்க, கோணல் ஓட்டம். இம்ரோன் குழைச்சலில் கால் புதைந்து தடுமாறியபோது பின்னாலிருந்து இடுப்புக் கச்சையைப் பற்றி இழுத்தான். பையன் மல்லாக்க விழுந்தான், குறுவாள் தெறித்துப் போனது. எழுந்து மறுபடி திமிறினான். சுகியாத் அவன் கன்னத்தில் விட்டான் ஒரு அறை. அந்தச் சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. அக்கரையில் நின்றவளுக்குச் சத்தம் கேட்டிருக்காது, பார்த்திருப்பாள்.

மாப்பிள்ளையைக் கல்யாணத்தன்று அறைந்த மாமனாரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இம்ரோன் அதன் பிறகு திமிறவில்லை. இழுத்த இழுப்புக்கு வந்தான்.

நாங்கள் ஓட ஆரம்பித்தோம். சீர்த்தட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின: வாழைச்சீப்பு, கட்டில் விரிப்பு, தொழுகைத் துணி, சோப்பும் பவுடரும் அடுக்கிய கூடை. சுலாமியம்மாளால் அந்தச் சாரத்தில் ஓட முடியவில்லை. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்று, "போங்க, போங்க, நான் மெதுவா வரேன்," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மனசைப் பிசைகிறது. முஸ்தாகிம் எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தார். பயந்த மனிதனை என்ன சொல்ல. பின்னாலிருந்து வந்த சுகியாத் கழியை வீசியெறிந்துவிட்டு அம்மாள் முன்னால் குனிந்தான். "ஏறுங்கம்மா."

"ஐயோ, கோட்டு அழுக்காயிரும் தம்பி—"

"ஏறுங்க!"

நான் மட்டும் இன்னும் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். விடிய விடியக் கிண்டிய பலகாரம். கீழே போட மனசு வரவில்லை. "அக்கா, போடுங்க அத!" என்று அவன் கத்தியபோதுகூட நான் நின்று, ஒரு தட்டைப்பாறையாகப் பார்த்து, கவிழாமல் வைத்துவிட்டுத்தான் ஓடினேன். அப்படி ஒரு மடச்சி நான்.

முதலில் உள்ளங்காலில்தான் தெரிந்தது. ஏதோ பெரிய லாரி பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு அதிர்வு. அப்புறம் அக்கரையில் பாட்டு நின்றது. அது நின்ற அடுத்த நொடி, ஆபத்துக்கு அடிக்கிற மூங்கில் மணி அடிக்க ஆரம்பித்தது, நிறுத்தாமல், வெறிபிடித்த மாதிரி. அப்புறம் காற்று வந்தது. அதுவரை இல்லாத காற்று, ஈரமண்ணும் கந்தகமும் கலந்த நாற்றத்தோடு. யாரும் கத்தவில்லை. மூச்சு மட்டும்தான்.

நான் சரிவில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது சுகியாத் சரிவின் அடியில் இருந்தான், முதுகில் அம்மாள். ஏற எடுத்துவைத்த பூட்ஸ் கால் வழுக்கியது. முழங்காலில் விழுந்தான். எழுந்தான், மறுபடி வழுக்கியது. வளைவுக்கு மேலே கல்லோடு கல் மோதுகிற சத்தம், லாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பாறை கொட்டுவது போல. நான் அலறினேன். என் பக்கத்திலிருந்து ஒருத்தன் கீழே பாய்ந்தான். இம்ரோன்தான். அம்மாளை அப்படியே அள்ளி மேலே எங்கள் கைகளில் தள்ளினான். பிறகு இரண்டு கையாலும் சுகியாத்தின் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தான். கோட்டு கிழிந்தது. ஆள் வந்தான்.

அப்புறம் அது வந்தது. தண்ணீர் மாதிரி இல்லை. சிமெண்டுக் கலவை எழுந்து நடந்து வருகிற மாதிரி, முகப்பில் பாறைகளை உருட்டிக்கொண்டு, மேலெல்லாம் ஆவியாக. கிழிசல் குச்சிகள் ஒவ்வொன்றாகப் போயின. சுலாமியம்மாள் பிடித்துக்கொண்டு நின்ற பாறை ஒரு தடவை அசைந்து, அப்புறம் இல்லை. என் தட்டை நான் தேடவேயில்லை. மழை கட்டுகிறவனையும் காணோம். என் வெங்காயக் கூடையையும்தான்.

இம்ரோனின் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. சேறு படிந்த கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா எங்க? அப்பா ஏறிட்டாரா? யாராவது சொல்லுங்களேன்! ஆவில ஒண்ணும் தெரியலையே!"

சுகியாத் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. "ஏறிட்டாண்டி," என்று நான் கத்தினேன். "எல்லாரும் ஏறியாச்சு. இங்கதான் உக்காந்து மூச்சு வாங்குறான்." அந்தப் பக்கம் வகினெம் ஓவென்று அழுவது கேட்டது.

முஸ்தாகிம் என் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சுலாமியம்மாள்தான் எழுந்து போய் அவர் முன்னால் நின்றார். "நீ என்னை விட்டுட்டு ஓடுனே," என்றார் மெதுவாக. "இவரு தூக்கிட்டு வந்தாரு. சம்பந்தம் வேண்டாம்னு இப்பச் சொல்லு பாப்போம், அந்த வாயால." முஸ்தாகிம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாள் போயிருச்சேக்கா. ஆத்தத் தாண்ட முடியாதே," என்றார். உடைந்துபோன குரல்.

"ஆத்தை எதுக்குத் தாண்டணும்?" என்றார் காஜியார். முட்டிவரை சேறு, தொப்பியைக் காணோம். "பொண்ணைக் குடுக்குற வலீ, அப்பா, இங்க இருக்காரு. மாப்பிள்ளை இங்க இருக்கான். ரெண்டு சாட்சி இருக்கு. மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்குற மஹர்?"

முஸ்தாகிம் சட்டைப்பையைத் தடவினார். மோதிரம் இருந்தது.

"பொண்ணு அக்கரையில இருந்தாத் தப்பில்ல. சம்மதம் மட்டும் என் காதுல விழணும்."

எண்ணெய் டப்பாக்களை ஒதுக்கி மேசையைத் துடைத்தேன். ஒரு பக்கம் சுகியாத், கிழிந்த கோட்டோடு. எதிரே இம்ரோன், கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து. நடுவில் போன். வெள்ளத்தின் இரைச்சலில் காஜியார் கத்திக் கேட்டார்: "அம்மா விந்தாரி, இவருக்கு உன்னை நிக்காஹ் செய்து தர உங்கப்பாவுக்கு நீ சம்மதம் தரியா?"

"அதுக்கு முன்னாடி மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு கேக்கணும்."

காஜியார் எங்களைப் பார்த்தார். "கேளும்மா."

"எங்கப்பா உன்னை எதுக்கு அடிச்சாரு?"

முஸ்தாகிம் ஏதோ சொல்லப்போனார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். இம்ரோன் போன் பக்கம் குனிந்தான். "திரும்பச் சொன்னாரு. நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"நீ நின்னுட்டு இருந்தே."

"நான் நிப்பேன். நாளைக்கும் நிப்பேன், அடுத்த மாசமும் நிப்பேன். நீ செத்துட்டா நான் யாருக்காக நிக்கிறது?" குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "இனிமே அப்பா திரும்புன்னா?"

"திரும்புவேன்."

"நான் எதிர்லயே நின்னாலும்?"

அவன் தலையை ஆட்டினான். தலையாட்டல் போனில் கேட்காது என்று நான் அவன் முதுகில் குத்தினேன். "நீ எதிர்லயே நின்னாலும்," என்றான்.

"காஜியாரே, எனக்குச் சம்மதம்."

சுகியாத் இம்ரோனின் கையைப் பிடித்தான். ஒரு மாதமாக ஆற்றில் கழியைக் குத்திக் குத்தி, மகளை நிக்காஹ் செய்து தருகிறேன் என்று அப்பா சொல்லவேண்டிய அந்த வாக்கியத்தை அவன் மனப்பாடம் செய்வதைக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. மகள் பெயர் வந்த இடத்தில் நின்றுபோனான். காஜியார் காத்திருந்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து முழுதும் சொன்னான். இம்ரோன் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டான். "செல்லுமா?" என்று காஜியார் சாட்சிகளைக் கேட்க, சாட்சியாக உட்கார்ந்த முஸ்தாகிம்தான் முதலில் "செல்லும்!" என்றார், ஊர் கேட்க.

கையை விடாமலே சுகியாத் இன்னொரு கையால் பையனின் கன்னத்தைத் தொட்டான்.

"வலிக்குதா?"

"வலிக்குது மாமா."

"வலிக்கட்டும்," என்றான் சுகியாத். அப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்தது. சின்னப்பிள்ளை மாதிரி, எல்லோர் முன்னாலும், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அழுதான்.